மெதுவாக விட்டால்தான் தெரியும்: பூல் டேபிளில் பந்து ஏன் இழுக்கிறது?

பெங்களூரில் அல்சூர் பஜார் தெருவை ஒட்டிய ஒரு சந்தில், ஹார்டுவேர் கடைக்கு மேலே இருக்கிறது அந்த பூல் பார்லர். நடத்துகிற அண்ணன் திருப்பத்தூர்க்காரர். ஜன்னல் ஓரம் கிடக்கும் எட்டடி டேபிளில் பந்து தெருப் பக்கமாக இழுக்கிறது என்று பையன்கள் முணுமுணுக்கத் தொடங்கி, கடைசியில் அந்த டேபிள் காலியாகவே கிடக்கும் நிலைக்கு வந்துவிட்டது. மற்ற டேபிளுக்குக் காத்திருப்பார்களாம், இதைத் தொட மாட்டார்களாம். பில்லியர்ட்ஸ், ஸ்நூக்கர் உலக சாம்பியன் பங்கஜ் அத்வானி ஆடிப் பழகிய ஊர் இது. இங்கே ஆட வரும் சின்னப் பையன்கள்கூட பந்தின் போக்கைக் கூர்ந்து கவனிப்பார்கள், அவர்களை ஏமாற்ற முடியாது.

நான் பீன்யாவில் ஒரு டூல் ரூமில் வேலை பார்க்கிறேன். மட்டம் பிடிப்பதும் மைக்ரான் கணக்கில் அளப்பதும் அன்றாட வேலை. அதனால்தான் அண்ணன் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, டேபிள் சாஞ்சிருக்கு. ஜன்னல் பக்கத்து கால் ரெண்டையும் போல்ட்ட திருகி தூக்கிட்டா போதும்ல?"

"தூக்கலாம்ணா. ஆனா எதனால இழுக்குதுன்னு தெரியாம தூக்கினா, இன்னிக்கு ஒரு பக்கம் இழுக்கிறது நாளைக்கு நாலு பக்கம் இழுக்கும்."

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பந்து நேர்கோட்டை விட்டு விலகினால் உடனே எல்லோரும் கை வைப்பது, டேபிள் காலின் அடியில் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் லெவலர் போல்ட்டில்தான். அது கடைசியாகத் தொட வேண்டியது. பந்து விலகுவதற்கு அடிப்பவரின் கை காரணமாக இருக்கலாம், பந்தே காரணமாக இருக்கலாம், துணி, துணிக்கு அடியில் உள்ள கல், கல்லைத் தாங்கும் சட்டம், சட்டம் நிற்கும் தரை, எதுவாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றும் பந்தை ஒவ்வொரு விதமாக இழுக்கும். அந்த விதத்தைக் கண்ணால் பிரித்துப் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் கையைக் கழித்துவிட வேண்டும். அடிக்கும் கோலான க்யூவின் பின்முனை எப்போதும் கொஞ்சம் உயர்ந்துதான் இருக்கும். அந்த நிலையில் பந்தின் மையத்தை விட்டு ஒரு நூலிழை தள்ளிப் பட்டாலும் பந்து வளைந்து போகும். எவ்வளவு தேர்ந்த ஆட்டக்காரர் அடித்தாலும் அதை வைத்து டேபிளைச் சோதிக்க முடியாது. ஒன்றரை அங்குல எல் வடிவ அலுமினிய ஆங்கிளில் அரை மீட்டர் துண்டு வெட்டி, பள்ளம் மேலே பார்க்க அகலமான பிளைவுட் அடிப்பலகையில் பொருத்தி ஒரு சறுக்குப் பாதை செய்தேன். துணியைத் தொடும் முனையை, பந்து இறங்கும்போது குதிக்காதபடி அரத்தால் மெலிதாக ராவிவிட்டேன். மேலே ஒரு ஆணி. பந்தை அதில் முட்டவைத்து விட்டால் ஒவ்வொரு முறையும் ஒரே வேகம். பள்ளம் பக்கவாட்டில் சாயாமல் நிற்பதுதான் முக்கியம். சாய்ந்தால் பந்து ஒரு பக்கச் சுவரில் மட்டும் உரசி, பக்கச் சுழற்சியோடு வெளியே வரும். நேராக நின்றால் இரு சுவரும் சமமாகத் தாங்கும். பந்துக்குத் தேவைக்கு மேல் கொஞ்சம் முன்சுழற்சி இருக்கும், துணியில் இறங்கிய சில சென்டிமீட்டருக்குள் அது அடங்கிவிடும். மூன்று நான்கு சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விட்டாலே பந்து இரண்டு மீட்டர் உருண்டு, ஏறக்குறைய ஆறு விநாடியில் தானாக நின்றது. டேபிளின் ஓர ரப்பரான குஷனிலிருந்து எதிர்க் குஷனுக்கு ஒரு நூலை இழுத்துக் கட்டி, அதற்கு நேர் கீழே பந்தை ஓடவிட்டேன். நூலிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதே விலகல்.

மெதுவாக விடுவது ஏன்? வேகமாகப் போகும் பந்துக்குப் பக்கவாட்டில் நகர நேரமே கிடைக்காது. கணக்கு எளிது. உருண்டு தானாக நிற்கும் பந்துக்கு, பக்கச் சரிவைத் துணியின் உருளல் தடையால் வகுத்து, அதில் பதினான்கில் ஐந்து பங்கை எடுத்து, உருண்ட தூரத்தால் பெருக்கினால் விலகல் வந்துவிடும். இரண்டு மீட்டர், ஆறு விநாடி என்பதிலிருந்து உருளல் தடை 0.011 என்று வருகிறது. அப்படியென்றால் மீட்டருக்கு 1 மி.மீ. சரிவு இருந்தால் போதும், இரண்டு மீட்டர் ஓடி நிற்கும் பந்து கிட்டத்தட்ட 6 செ.மீ. விலகிவிடும். அதே சரிவில் விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் அடித்தால் அதே இரண்டு மீட்டரில் விலகல் 4 மி.மீ. அளவில்தான். ஆட்டத்தின் வேகமான முதல் அடியான பிரேக்கை அடித்துப் பார்த்து "டேபிள் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்பவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள்.

இந்த டேபிளில் நல்ல பந்துகள் நாலிலிருந்து ஐந்து செ.மீ. வரை தெருப் பக்கம் ஒதுங்கின. பூல் டேபிளின் மூலைப் பாக்கெட் வாய் பன்னாட்டு அளவுப்படி 4.5 அங்குலத்திலிருந்து 4.625 அங்குலம் வரை, அதாவது 114 மி.மீ. தொடங்கி 117 மி.மீ. சொச்சம். பந்து 57 மி.மீ. நடுவில் போக வேண்டிய பந்து எந்தப் பக்கமும் மூன்று சென்டிமீட்டர் விலகினாலே விளிம்பில் இடிக்கும். பையன்கள் கோபப்பட்டதில் நியாயம் இருக்கிறது.

'நல்ல பந்துகள்' என்று சொன்னேன். எல்லாமே நல்ல பந்துகள் இல்லை. பந்துகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, க்யூ முனையில் தடவும் சாக் பொடியும் அழுக்கும் போகத் துடைத்து, மைக்ரோமீட்டரில் அளந்தேன். பூல் பந்தின் விட்டம் 57.15 மி.மீ., கூடக்குறைய 0.127 மி.மீ. வரை இருக்கலாம், எடை 156 கிராமிலிருந்து 170 கிராம் வரை. நிறப் பந்துகள் பெரும்பாலும் 57.1 ஒட்டியே இருந்தன. வெள்ளைப் பந்து மட்டும் ஒரு திசையில் 56.95, அதைத் திருப்பிப் பிடித்தால் 56.80. எல்லா அடியும் அதன் மேல்தானே விழுகிறது, தேயாமல் என்ன செய்யும்? எடை 160 கிராமுக்கு மேலேயே இருந்தது, தராசு மட்டும் வைத்திருந்தால் அதைக் குற்றமில்லை என்று விட்டிருப்போம்.

பந்தின் குறையை டேபிளின் குறையிலிருந்து பிரிக்க ஒரு வழி இருக்கிறது, இதைப் பார்லர் வைத்திருக்கும் எல்லோரும் செய்துபார்க்கலாம். பந்தில் மார்க்கரால் ஒரு புள்ளி வையுங்கள். புள்ளி இடப்பக்க அச்சில் இருக்கும்படி ஒரு முறை உருட்டுங்கள், அடுத்து வலப்பக்க அச்சில் இருக்கும்படி. புள்ளியை எங்கே வைத்தாலும் பந்து அறையின் ஒரே பக்கத்துக்குப் போனால் கோளாறு டேபிளில். புள்ளியைத் திருப்பியதும் இழுக்கும் பக்கமும் மாறினால் கோளாறு பந்தில். பந்தின் கனமான பக்கம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் அது வளையும். கனமான பக்கம் அச்சில் இல்லாமல் உருளும் வட்டத்திலேயே விழுந்துவிட்டால் பந்து நேராகத்தான் போகும். ஆனால் நிற்கப் போகும் நேரத்தில் ஒரு முறை பின்னோக்கி அசைந்து நிற்கும். இந்த வெள்ளைப் பந்து இரண்டையும் காட்டியது. அங்கே ஆட வரும் ஒரு ஐ.டி. தம்பி, கோல்ஃப் பந்தைப் போல உப்புத் தண்ணீரில் மிதக்கவிட்டுக் கனமான பக்கத்தைக் கண்டுபிடிக்கலாமே என்றார். நல்ல யோசனைதான். ஆனால் பூல் பந்தின் கன அளவு சுமார் 98 க.செ.மீ., அதாவது அடர்த்தி 1.7 அளவுக்கு வருகிறது. உப்பு கரையும் மட்டும் கரைத்தாலும் தண்ணீரின் அடர்த்தி 1.2 ஐத் தாண்டாது. பந்து மூழ்கிவிடும். சறுக்குப் பாதைதான் வழி.

வெள்ளைப் பந்தை ஓரமாக எடுத்து வைத்து, புதிதாக ஃபீனாலிக் ரெசின் பந்து ஒன்று வாங்கச் சொன்னேன். மலிவான பாலியெஸ்டர் பந்து சீக்கிரம் தேய்ந்து மறுபடி இதே இடத்தில் வந்து நிற்கும்.

பந்தைக் கழித்த பிறகும் தெருப் பக்க இழுப்பு அப்படியே இருந்தது. அடுத்தது துணி. நம் ஊர் பார்லர்களில் பூல் டேபிளுக்கும் ஸ்நூக்கர் துணியே போடுவது சகஜம். அது கம்பளித் துணி, அதன் முடி ஒரே பக்கமாகப் படிந்திருக்கும். உள்ளங்கையால் தடவினாலே எந்தப் பக்கம் வழவழப்பு, எந்தப் பக்கம் சொரசொரப்பு என்று தெரியும். இதை நேப் என்பார்கள். பூல் போட்டிகளுக்கு விதிக்கப்பட்ட துணியில் இந்தத் திசை இருக்கக் கூடாது. நேப் உள்ள துணியில் குறுக்கே மெதுவாகப் போகும் பந்து, முடி படிந்த பக்கமாக ஒதுங்கும். நடுப் பாக்கெட்டுக்கு மெதுவாக விட்டு ஏமாந்தவர்களுக்கு இது தெரியும். முடி நீளவாக்கில் சரியாகப் படிந்திருந்தால் நீளவாக்கில் உருளும் பந்தை அது பக்கவாட்டில் இழுக்காது. இங்கே முடி நேராகத்தான் இருந்தது, துணி கோணலாகப் போடப்படவில்லை. ஆகவே நீளவாக்கு இழுப்புக்குத் துணி காரணமில்லை.

குறுக்கு வாக்கில் விட்டபோது ஒன்றிரண்டு செ.மீ. ரேக் முனைப் பக்கம், அதாவது ஆட்டத் தொடக்கத்தில் பந்துகளை அடுக்கும் முனைப் பக்கம், ஒதுங்கியது. முடியும் அந்தப் பக்கம்தான் படிந்திருக்கிறது. டேபிள் அந்தப் பக்கம் சரிந்திருந்தாலும் இப்படித்தான் ஒதுங்கும். மேலிருந்து எத்தனை உருட்டினாலும் இவை இரண்டையும் பிரிக்க முடியாது, கல்லின் மேல் மட்டம் வைத்துத்தான் பார்க்க வேண்டும். அதை அப்படியே குறித்து வைத்துக்கொண்டு அடுத்ததற்குப் போனேன்.

நீளவாக்கில் இந்த முனையிலிருந்து விட்டாலும் தெருப் பக்கம், அந்த முனையிலிருந்து விட்டாலும் தெருப் பக்கம். இது சரிவின் அடையாளம். வெறும் சரிவு என்றால் பாதை சீராக வளைய வேண்டும், வேகம் குறையக் குறைய வளைவு கூட வேண்டும். போனை மேலே கட்டி ஸ்லோ மோஷனில் எடுத்துப் பார்த்தபோது பாதை சீராக இல்லை. ரேக் முனையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், பந்து சட்டென்று ஒரு பக்கம் திரும்பியது. இந்த டேபிளின் கல் மூன்று துண்டு. திரும்பிய இடம் சரியாக இரண்டு துண்டுகள் சேரும் இடம்.

கடை அடைத்த பிறகு விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, டார்ச்சைத் துணியோடு துணியாகப் படுக்கவைத்து அடித்தோம். வெளிச்சம் போகும் வழியில் இணைப்பு இருக்கும் இடம் வயல் வரப்பு மாதிரி குறுக்கே எழுந்து தெரிந்தது. பகலில் எத்தனை முறை குனிந்து பார்த்தாலும் கண்ணில் படாத ஒன்று. அண்ணன் குனிந்து விரலால் அந்த வரியைத் தடவிக்கொண்டே போனார். சில இடங்களில் துணிக்கு அடியில் மணல் போல ஏதோ நெருடியது.

இப்போது மட்டம். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தை இதற்கு நம்ப முடியாது. நல்ல ரசமட்டமே மீட்டருக்கு அரை மி.மீ. வரை தவறலாம். மேலே சொன்ன கணக்கில் அது மூன்று செ.மீ. விலகலுக்குச் சமம். போனில் உள்ள மட்டம் பார்க்கும் ஆப் இன்னும் மோசம். 0.1 டிகிரி என்று அது காட்டும் மிகச் சின்ன எண்ணே மீட்டருக்கு 1.75 மி.மீ., அதாவது 11 செ.மீ. விலகல். பூஜ்யம் காட்டுகிற டேபிளிலும் பந்து தாராளமாக இழுக்கும். மெஷினைத் தரையில் மட்டமாக நிறுவும்போது பயன்படுத்தும் ஃப்ரேம் லெவல் என்னும் துல்லிய மட்டத்தில் ஒரு கோடு என்றால் மீட்டருக்கு 0.02 மி.மீ. அந்த ஒரு கோட்டுக்குப் பந்து ஒன்றேகால் மி.மீ.தான் விலகும். இந்த வேலைக்கு அதுதான் சரி. கம்பெனியில் சொல்லிவிட்டு ஒன்றை எடுத்து வந்தேன்.

இதைக் கையாள்வதில் பொறுமை வேண்டும். கைச் சூடு பட்டால் உள்ளே இருக்கும் திரவம் விரிந்து குமிழி சுருங்கும், வாசிப்பு நம்பகமாக இருக்காது. டேபிளில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் தள்ளி நிற்க வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் ஒரு முறை வாசித்து, அப்படியே 180 டிகிரி திருப்பி வைத்து மறுபடி வாசித்து, இரண்டின் சராசரியை எடுக்க வேண்டும். அப்போதுதான் லெவலில் இருக்கும் பிழை கழிந்துபோகும். துணியின் மேல் வைத்தால் முடி அமுங்கிக் கடைசிக் கோடுகள் ஆடும், ஆனாலும் பெரிய சரிவைக் காட்டிவிடும். டேபிளின் நடுக்கல்லில் தெருப் பக்கமாக மீட்டருக்கு 0.70 மி.மீ. கணக்கில் போட்டால் விலகல் 4.4 செ.மீ., சறுக்குப் பாதை காட்டியதும் அதுதான். 112 செ.மீ. அகலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள உயர வித்தியாசம் 0.8 மி.மீ. கூட இல்லை. இவ்வளவுதானா என்று அண்ணனுக்கு நம்பவே முடியவில்லை.

குமிழியைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. அண்ணன் ஜன்னல் பக்கத்துக் காலருகே வந்து நின்றதும் குமிழி மூன்று கோடு நகர்ந்தது. விலகிப் போனதும் திரும்பி வந்தது. உட்கார்ந்து அந்தக் கால் நிற்கும் டைலைச் சாவியால் தட்டினேன். மற்ற டைல்களில் கெட்டியான சத்தம், இதில் டொக் டொக் என்று பொள்ளல் சத்தம்.

"அண்ணா, இந்த ஜன்னல் பக்கம் முன்னாடி என்னவா இருந்துச்சு?"

"பால்கனி தம்பி. எடுக்கும்போதே சுவர் வச்சு மூடி ஹாலோட சேத்துட்டாங்க."

பால்கனி என்றால் மழைத் தண்ணீர் ஓட வெளிப்பக்கம் வாட்டம் விட்டுத்தான் தளம் போட்டிருப்பார்கள். வாட்டத்தை மறைக்கக் கலவையை ஏற்றி டைல் ஒட்டியிருக்கிறார்கள், அந்தக் கலவை ஓரத்தில் டைலுக்கு அடியில் முழுதாக நிறையவில்லை. இருநூறு கிலோ கல்லும் சட்டமும் சேர்ந்த கனத்தில் ஒரு பங்கு அந்த ஒரு டைலின் மேல் நிற்கிறது. யாராவது அருகே வந்து ஷாட் அடிக்கக் குனிந்தால் கால் இறங்கும். போல்ட்டை மட்டும் திருகியிருந்தால் ஆளில்லாதபோது மட்டமாகவும், ஆள் நிற்கும்போது கோணலாகவும் இருந்திருக்கும்.

துணியை எடுக்காமல் இனி ஆகாது என்று முடிவானது. சிவாஜி நகரில் காலங்காலமாக டேபிள் வேலை செய்யும் பாய் ஒருவரை அண்ணன் கூட்டி வந்தார். ரெயில் போல்ட்டுகளை அடியிலிருந்து கழற்றி, குஷனோடு ரெயில்களை எடுத்து, துணியின் பின்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். அவர் கை வேகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். துணி விலகியதும் விஷயம் வெளிச்சமாகிவிட்டது. இணைப்பை நிரப்பியிருந்த பட்டி நீளத்துக்கும் விரிசல் விட்டு, பாதி இடத்தில் உதிர்ந்து பொடியாகக் கிடந்தது. விரலில் நெருடியது அந்தப் பொடிதான். நகத்தை இணைப்பின் குறுக்கே இழுத்தால் டக்கென்று தடுக்கியது. ஸ்ட்ரெயிட் எட்ஜ் என்னும் நேர்ச்சட்டத்தை வைத்து, இடைவெளி அளக்கும் மெல்லிய உலோகத் தாள்களான ஃபில்லர் கேஜை நுழைத்தேன், 0.20 மி.மீ. தாள் தாராளமாகப் போனது. இணைப்பில் இரு கல்லும் 0.127 மி.மீ.க்கு மேல் ஏறி இறங்கக் கூடாது என்பது உலக பூல் பில்லியர்ட் சங்கத்தின் அளவு. டேபிள் முழுவதற்கும் நீளவாக்கில் 0.508, குறுக்கில் 0.254 மி.மீ. வரை அனுமதி உண்டு. ஆனால் இணைப்பில் மட்டும் அவ்வளவு கறார், காரணம் புரிந்திருக்கும்.

கல் இறங்கியதற்குக் காரணம் அடியில் இருந்தது. சட்டத்துக்கும் கல்லுக்கும் இடையே செருகியிருந்த ஆப்புகள் பேக்கிங் பெட்டியிலிருந்து உடைத்த மெல்லிய மரம். கனத்தில் நசுங்கி விளிம்பெல்லாம் நார் நாராகிவிட்டது. போன முறை துணி மாற்றியவர் அதைத் தொடவில்லை, இணைப்பின் மேல் பட்டியை மட்டும் பூசி விட்டிருக்கிறார்.

பாய் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, உயர்ந்து நின்ற கல்லின் ஸ்க்ரூவை இறுக்கப் போனார். "இறுக்கினா உக்காந்திடும் தம்பி" என்றார். அவர் அனுபவத்தை மதிக்கிறேன், ஆனாலும் இந்த இடத்தில் தடுத்தேன். ஸ்க்ரூ கல்லை வளைக்கும், மட்டம் செய்யாது. அடியில் தாங்கல் இல்லாத இடத்தில் இழுத்துப் பிடித்தால் ஓரம் ஒட்டிக்கொள்ளும், நடுவில் புதுக் குழி விழும். தாழ்ந்த கல்லைக் கீழிருந்து ஏற்றிவிட்டு, ஸ்க்ரூவை அது அசையாமல் இருக்கும் அளவுக்கு மட்டும் பிடிப்பதே முறை. லெவலை அந்தக் கல்லின் மேல் வைத்து, ஸ்க்ரூவைக் கால் சுற்று இறுக்கிக் காட்டினேன். குமிழி ஓடியதைப் பார்த்ததும் அவரே கழற்றிவிட்டார்.

தரையில் தொடங்கினோம். டேபிளை ஜாக்கியில் தாங்கி, பொள்ளல் டைலை உடைத்து எடுத்து, சுருங்காத க்ரவுட் கலவை ஊற்றி, அது இறுகக் காத்திருந்து, நான்கு காலுக்கும் 10 மி.மீ. இரும்புத் தகடு வைத்தோம். பிறகுதான் லெவலர் போல்ட். முதலில் சட்டத்தை ஏறக்குறைய மட்டத்துக்குக் கொண்டுவந்து, நடுக்கல்லை எல்லாவற்றுக்கும் ஆதாரமாக வைத்தோம். அதை இரு திசையிலும் லெவலின் ஒரு கோட்டுக்குள் நிறுத்திய பிறகு, இரண்டு ஓரக் கற்களையும் அதற்குப் பொருத்தினோம். ஆப்புக்குத் தேக்கு. கடைசி நுணுக்கத்துக்கு எஸ்.ஜே.பி. ரோட்டில் வாங்கிய 0.05, 0.10 மி.மீ. பித்தளை ஷிம், அதாவது மெல்லிய தகடு. பழைய ஃபிட்டர்கள் சீட்டுக்கட்டுச் சீட்டைச் செருகுவார்கள், பாயும் பையில் ஒரு கட்டு வைத்திருந்தார். அவசரத்துக்கு அதுவும் வேலை செய்யும், ஆனால் நம் மழைக்கால ஈரத்தில் அட்டை ஊறும், பித்தளை ஊறாது. இணைப்பின் இரு ஓரம், நடு, அவற்றுக்கு இடையே என்று ஒவ்வொரு இடத்திலும் 0.05 தாள் நுழையாத வரை ஆப்பைத் தட்டுவதும் லெவலைத் திருப்புவதுமாக வேலை மெல்ல நகர்ந்தது. ஒரு ஆப்பைத் தொட்டால் மூன்றாவது இடத்தில் குமிழி நகரும். இங்கே அவசரப்பட்டால் எல்லாம் வீண். சரியாக அமைந்ததும் ஆப்புகள் நழுவாமல் ஒட்டும் பசையைச் சொட்டிப் பூட்டினோம்.

இணைப்பை எதனால் நிரப்புவது என்பதில் எனக்குத் தெளிவான கருத்து இருக்கிறது: தேன்மெழுகு. கார் டிங்கரிங்குக்குப் போடும் பட்டி கல்லாக இறுகும், தேய்த்தால் கண்ணாடி போல் வரும், அதனால் பலருக்கும் அது பிடிக்கும். ஆனால் மூன்று துண்டுக் கல் ஏதோ ஒரு நாள் அசையத்தான் செய்யும். அன்றைக்கு இறுகிய பட்டி விரிசல் விட்டுப் பொடியாகித் துணிக்கு அடியில் உருளும். மெழுகு அசைவுக்குக் கொஞ்சம் இடம் கொடுக்கும், வேண்டாம் என்றால் சுரண்டி எடுத்துவிடலாம். தேன்மெழுகு உருகுவது 62 டிகிரிக்கு மேல். பெங்களூர் வெயிலும் மேலே தொங்கும் எல்.இ.டி. விளக்கும் அதை ஒன்றும் செய்யாது. பாயும் மெழுகுக் கட்சிதான், அதில் எங்களுக்குள் பேச்சே எழவில்லை. கல்லின் ஓரத்தை ஹீட் கன்னில் இளஞ்சூடாக்கி, உருகிய மெழுகை ஊற்றி, பாதி ஆறியதும் கூர்மையான ஸ்க்ரேப்பரைச் சாய்த்துப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். சுருள் சுருளாக வந்து விழுந்தது. ஸ்க்ரூ குழிகளிலும் அதையே நிரப்பினார். கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தேன், கல் எங்கே முடிந்து மெழுகு எங்கே தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரியவில்லை.

புதுத் துணியை முடி ரேக் முனைப் பக்கம் படியும்படி இழுத்துப் போட்டு, ரெயில்களை ஏற்றினோம். பிறகு பழையபடி நூல், சறுக்குப் பாதை, புது வெள்ளைப் பந்து. நீளவாக்கில் இரு முனையிலிருந்தும் விட்டபோது பந்து நூலுக்கு அடியிலேயே போய் நின்றது. விலகல் பந்தின் அகலத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பக்கத்தில் ஆள் நின்றாலும் போனாலும் மாற்றமில்லை. குறுக்கு வாக்கில் மட்டும் ஏறக்குறைய 1 செ.மீ. ரேக் முனைப் பக்கம் ஒதுங்குகிறது. கல் மட்டம் என்று இப்போது தெரிந்துவிட்டதால் அது துணியின் முடிதான் என்று உறுதியாகச் சொல்லலாம். அதை எடுக்க வேண்டுமென்றால் முடி இல்லாத வொர்ஸ்டட் துணி போட வேண்டும், விலை கூடுதல். வழக்கமாக ஸ்நூக்கரும் ஆடும் பையன்கள் என்பதால் இந்த ஒதுக்கம் அவர்களுக்குப் பழக்கம்தான், இருக்கட்டும் என்றார் அண்ணன். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

லெவலர் போல்ட் ஒவ்வொன்றிலும் நட்டுக்கும் தண்டுக்கும் சேர்த்துச் சிவப்புப் பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்திருக்கிறேன், யாராவது திருகினால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். சறுக்குப் பாதையைப் பார்லரிலேயே விட்டு வந்திருக்கிறேன். க்ரவுட்டும் ஆப்பும் உட்காரக் கொஞ்ச காலம் எடுக்கும். அதனால் திங்கட்கிழமை கடை திறக்குமுன் அண்ணன் நீளவாக்கில் இரு பக்கமும் பந்தை விட்டுப் பார்த்து, நின்ற இடத்தை நோட்டில் எழுதி வைக்கிறார். ஒரு செ.மீ. தாண்டினால் போல்ட்டைத் தொடாமல் எனக்குப் போன் செய்யச் சொல்லியிருக்கிறேன்.